படிக்காமல் ஒப்புக்கொண்டேன், என் ஓவியங்கள் இனி யாருக்குச் சொந்தம்?

வாசகியின் கடிதம்:

"குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைவது என் தொழில். வரைவதற்குப் பயன்படுத்தும் மென்பொருளைப் போன வாரம் திறந்தபோது, விதிமுறைகள் மாறிவிட்டதாக ஒரு பெட்டி வந்து நின்றது. 'படித்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன்' என்பதை அழுத்தினால்தான் என் கோப்புகளையே திறக்க முடியும். அன்று படங்களை அனுப்பியாக வேண்டிய நாள். அழுத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த மகள், 'படிக்கவே இல்லையேம்மா, படிச்சேன்னு பொய்தானே சொன்னீங்க?' என்றாள். மாலையில் தோழி ஒருத்தி, 'இனிமே நீ வரையறது எல்லாம் அந்தக் கம்பெனிக்குத்தான் சொந்தம்' என்று சொல்லிப் பயமுறுத்திவிட்டாள். இந்த விதிமுறைகளை உலகத்தில் யாராவது படிக்கிறார்களா? படிக்காமல் அழுத்தியது என்னைக் கட்டுப்படுத்துமா? என் படங்கள் என்ன ஆகும்?"

அன்புள்ள சகோதரிக்கு,

மென்பொருள் ஒப்பந்தங்களை எழுதுவதும் திருத்துவதும்தான் என் வக்கீல் தொழிலில் பெரும்பகுதி. உங்களை அதிகம் வாட்டுவது கடைசிக் கேள்வியாகத்தான் இருக்கும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் படங்கள் அநேகமாக உங்களுடையவைதான். பதிப்புரிமையை முழுதாக இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டுமானால், அதைத் தெளிவாகச் சொல்லும் எழுத்து வேண்டும் என்பதே பெரும்பாலான நாடுகளில் சட்டம். பரவலாகப் புழங்கும் வரைகலை மென்பொருள்களின் விதிமுறைகளும், படைப்பின் உரிமை பயனரிடமே இருக்கும் என்றுதான் சொல்கின்றன. அந்த அளவில் உங்கள் தோழி சொன்னது சரியில்லை. ஆனால் அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. உரிமை உங்களிடமே இருக்கும்போதும், படத்தைப் பயன்படுத்தும் அனுமதி அவர்களிடம் போகலாம். அதற்குத்தான் உரிமம், லைசென்ஸ் என்று பெயர்.

விதிமுறைகளில் அந்தப் பத்தியைத் தேடிப் பாருங்கள். ஏறக்குறைய இப்படி இருக்கும்: உலகம் முழுவதற்கும் பொருந்துகிற, ராயல்டி இல்லாத, பிறருக்கும் துணை உரிமம் தரத்தக்க அனுமதியை எங்களுக்கு அளிக்கிறீர்கள், அதைக்கொண்டு உங்கள் உள்ளடக்கத்தை நாங்கள் பிரதி எடுக்கலாம், மாற்றியமைக்கலாம், காட்டலாம். முதல் தடவை படிப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் இதில் பெரும்பகுதி அவர்களுக்கு உண்மையிலேயே தேவைப்படுவதுதான். உங்கள் கோப்பை அவர்களுடைய சர்வரில் சேமித்தால், சட்டத்தின் கண்ணில் அது பிரதி எடுப்பது. சின்னதாக ஒரு முன்னோட்டப் படம் உருவாக்கினால் அது மாற்றியமைப்பது. நீங்கள் பதிப்பாளருக்கு அனுப்பிய இணைப்பை அவர் திறந்து பார்த்தால், அங்கே அவர்கள் உங்கள் படத்தைக் 'காட்டுகிறார்கள்'. அந்த சர்வரே வேறொரு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்தது என்றால் துணை உரிமமும் வேண்டும்.

அதனால் அந்த அடைமொழிகளை விட்டுவிடுங்கள். அவற்றுக்குப் பிறகு 'எதற்காக' என்று ஒரு பகுதி வரும், அதைத்தான் நிறுத்திப் படிக்க வேண்டும். 'இந்தச் சேவையை உங்களுக்கு வழங்குவதற்கு மட்டும்' என்று அது முடிந்தால் நிம்மதியாக இருக்கலாம். 'எங்கள் சேவைகளை மேம்படுத்தவும் புதியவற்றை உருவாக்கவும்' என்று நீண்டால், உங்கள் படங்களை வைத்து செயற்கை நுண்ணறிவுக்கு (ஏஐ) பயிற்சி கொடுப்பதும் அதற்குள் அடங்கிவிடலாம். 'விளம்பரப்படுத்தவும்' என்று சேர்ந்திருந்தால், நீங்கள் வரைந்த யானைக்குட்டி ஒருநாள் அவர்களுடைய விளம்பரத்தில் நிற்கலாம். 'நிரந்தரமான', 'திரும்பப் பெற முடியாத' என்ற சொற்கள் இருந்தால், நீங்கள் கணக்கை மூடிய பிறகும் அந்த அனுமதி போகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஓவியருக்கு இந்த முழு ஆவணத்திலும் முக்கியமானது இந்த ஒரு பத்திதான்.

2024 ஜூனில் அடோபி நிறுவனம் மாற்றிய விதிமுறைகளுக்கு ஒப்புதல் கேட்டபோது, உங்களுக்கு வந்ததைப் போலவே ஒரு பெட்டி வந்தது. உள்ளடக்கத்தைத் தானியங்கி முறையிலும் ஆள் மூலமாகவும் பார்க்க நேரலாம் என்ற வரி அதில் இருந்தது. ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும் கொதித்துப்போனார்கள். அதன் பிறகு நிறுவனம், வாடிக்கையாளர்களின் படைப்புகளைக் கொண்டு படம் உருவாக்கும் ஏஐ-க்குப் பயிற்சி கொடுக்க மாட்டோம் என்பதை விதிமுறைகளிலேயே தெளிவாக எழுதியது. அதற்கு முந்தைய ஆண்டு வீடியோ சந்திப்புக்கான ஜூம் செயலிக்கும் இதே கதைதான். அதன் விதிமுறைகள் மாறியது 2023 மார்ச்சில். ஏஐ பயிற்சிக்கு இடம் கொடுக்கும் வரிகள் அதில் இருக்கின்றன என்று உலகம் பேசத் தொடங்கியதோ ஆகஸ்டில். இடையில் அத்தனை மாதங்கள், கோடிக்கணக்கானவர்கள் தினமும் பயன்படுத்திய ஒரு செயலி அது.

இது உங்கள் முதல் கேள்விக்கு வந்து சேர்கிறது. யாராவது படிக்கிறார்களா? கிட்டத்தட்ட யாரும் படிப்பதில்லை.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். மென்பொருளை இணையத்தில் விற்கும் 90 நிறுவனங்களின் தளங்களுக்கு வந்துபோனவர்கள் எந்தெந்தப் பக்கங்களைத் திறந்தார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். வாங்க வந்தவர்களில் ஆயிரத்துக்கு ஒருவரோ இருவரோதான் உரிம ஒப்பந்தத்தைத் திறந்தே பார்த்தார்கள் என்று 2014-ல் வெளியிட்டார்கள். திறந்தவர்களிலும் பெரும்பாலோர் அதைப் படிக்கப் போதுமான நேரம் அங்கே இருக்கவில்லை. இன்னொரு ஆய்வில், இல்லாத ஒரு சமூக வலைத்தளத்தை உருவாக்கி 543 கல்லூரி மாணவர்களைச் சேரச் சொன்னார்கள். சேர்வதற்குக் கட்டணமாக முதல் குழந்தையைக் கொடுத்துவிட வேண்டும் என்று விதிமுறைகளுக்குள் ஒரு நிபந்தனை. 98 சதவீதம் பேர் அதைக் கவனிக்கவே இல்லை. சேவை விதிமுறைகளுக்கு அவர்கள் செலவிட்ட நேரம் சராசரியாக 51 வினாடி.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2016-ல் நார்வேயின் நுகர்வோர் அமைப்பு, சாதாரணமாக ஒருவர் ஃபோனில் இருக்கக்கூடிய 33 செயலிகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் விதிமுறைகளைத் தொடர்ந்து உரக்கப் படிக்க வைத்தது. முடிப்பதற்கு ஏறக்குறைய 32 மணி நேரம் பிடித்தது. படித்து முடிப்பதற்குள் ஏதாவது ஒரு செயலி விதிமுறைகளை மாற்றியிருந்தாலும் ஆச்சரியமில்லை. வேலை செய்து, வீட்டையும் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு இது நடக்கிற காரியமா? என் தொழிலில் இருப்பவர்களும் எல்லாவற்றையும் முழுதாகப் படிப்பதில்லை. எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்து அந்த இடத்தைப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு நீளம் என்றால், ஒவ்வொரு பிரச்சினைக்குப் பிறகும் ஒரு பத்தி சேரும், எதுவும் நீங்காது. பல நாடுகளின் சட்டங்களுக்கு ஒரே ஆவணம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பாட்டுக் கேட்பதற்கான ஐடியூன்ஸ் மென்பொருளின் உரிமத்தில், அணு ஆயுதமும் ஏவுகணையும் தயாரிக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்ற வரி இருந்தது. ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்காக வந்த வரி அது. பாட்டுக் கேட்க வந்தவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் அவருக்கு உண்மையிலேயே வேண்டிய வரியும் அதே எழுத்து அளவில், அதே பக்கத்தில் எங்கேயோ புதைந்து கிடக்கும்.

ஒரு சிலர் படித்தாலே போதும், அந்தப் பயத்தில் நிறுவனங்கள் நேர்மையாக எழுதும் என்று பொருளாதார அறிஞர்கள் சிலர் வெகுநாளாகச் சொல்லிவந்தார்கள். 2014 ஆய்வு சோதிக்க வந்ததே இந்த வாதத்தைத்தான். படிப்பவர்கள் அதற்கும் போதாத அளவுக்குக் குறைவு என்பது அதன் முடிவு. 'எல்லாரும் பொறுப்பாகப் படித்துப் பழகுங்கள்' என்ற அறிவுரையில் அதனால்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. முடியாத ஒன்றைச் செய்யச் சொல்லிவிட்டு, செய்யவில்லை என்று வாடிக்கையாளர் மேல் பழி போடுவது நியாயமே இல்லை.

உங்கள் மகள் கேட்ட கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். ஆமாம், 'படித்துவிட்டேன்' என்ற அந்த வரி உண்மை இல்லை. ஆனால் அந்த வரியை அம்மா எழுதவில்லை. எழுதியவர்களுக்கும் அது உண்மையாக இருக்காது என்று தெரியும். பெட்டி திறந்து எத்தனை வினாடியில் பொத்தான் அழுத்தப்பட்டது என்பது அவர்களுடைய சர்வரிலேயே பதிவாகக்கூடிய விஷயம். 'படிக்கவில்லை, ஆனால் இப்போது எனக்கு இது தேவை' என்று சொல்ல அங்கே வேறு பொத்தானும் கிடையாது. நான் ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கும் நிறுவனங்களிடம், 'படித்துவிட்டேன்' என்பதை எடுத்துவிட்டு 'ஒப்புக்கொள்கிறேன்' என்று மட்டும் வையுங்கள் என்று சொல்வது வழக்கம். ஒரு மனிதரை உண்மையில்லாத வாக்கியத்தைச் சொல்ல வைத்துத்தான் ஒரு சேவையைத் தொடங்க வேண்டுமா? குழந்தை சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறாள்.

சரி, அழுத்தியது உங்களைக் கட்டுப்படுத்துமா? பொதுவாகக் கட்டுப்படுத்தும். படிக்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாலும் அது செல்லும் என்பது பழைய விதி. 1934-ல் இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கு இதற்கு எப்போதும் மேற்கோள் காட்டப்படும். ஒரு காப்பிக் கடைக்காரப் பெண் சிகரெட் விற்கும் தானியங்கி இயந்திரம் ஒன்றை வாங்கினார், அது சரியாக வேலை செய்யவில்லை. பொடி எழுத்தில் இருந்த நிபந்தனையைப் படிக்கவில்லை என்று அவர் சொன்னது எடுபடவில்லை. கையெழுத்து இருக்கிறது, அது போதும் என்றது நீதிமன்றம். அமெரிக்காவில் 1996-ல் வந்த ஒரு தீர்ப்பு, பெட்டிக்குள்ளும் திரையிலும் வரும் மென்பொருள் உரிமத்துக்கும் இதே பாதையைத் திறந்துவிட்டது.

ஆனால் எல்லை உண்டு. இணைய உலாவி தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனம் தொடர்பான வழக்கில் 2002-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், நிபந்தனைகள் பதிவிறக்கப் பொத்தானுக்குக் கீழே, திரையை நகர்த்தினால்தான் தெரியும் இடத்தில் இருந்ததால், அதை அழுத்தியவர்கள் ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று சொன்னது. கண்ணில் பட வாய்ப்பாவது இருந்திருக்க வேண்டும். உங்களுக்கு வந்தது போல முன்னால் வந்து நிற்கும் பெட்டி என்றால் அந்த வாதம் கிடைக்காது. இரண்டாவது எல்லை, நிபந்தனை எவ்வளவு நியாயமானது என்பது. நுகர்வோரோடு பேரம் பேசாமல் திணிக்கப்பட்ட, ஒரு பக்கமாக மிகவும் சாய்ந்த நிபந்தனை செல்லாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் 1993 முதல் சட்டம். அதனால்தான் முதல் குழந்தையைக் கேட்கும் நிபந்தனை எந்த நீதிமன்றத்திலும் நிற்காது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான். அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம் வாடிக்கையாளர்களுக்கு 10 டாலர் கொடுத்து ஒரு மென்பொருளை நிறுவச் சொன்னது. இணையத்தில் நீங்கள் பார்ப்பதைக் கவனிப்போம் என்ற அளவில்தான் வெளியே சொன்னார்கள். ஆனால் வங்கிக் கணக்கு விவரம், மருந்துச் சீட்டு விவரம் வரை அது கவனித்தது. அந்த முழு விவரம் நீண்ட உரிம ஒப்பந்தத்துக்குள் எழுதியும் இருந்தது. அப்படி இருந்தும் அமெரிக்க அரசின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2009-ல் இதை ஏமாற்று என்றே குற்றம்சாட்டியது. சேர்த்த தகவலை அழிக்க வேண்டும் என்பதற்கு நிறுவனம் உடன்பட்டது. உள்ளே எங்கோ எழுதிவைத்திருந்தோம் என்பது சாக்கு ஆகாது, ஆச்சரியமூட்டும் விஷயத்தை முன்னால் சொல்ல வேண்டும். சட்டம் எல்லா இடங்களிலும் இந்தத் திசையில் போக வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மெதுவாகவாவது போகிறது. 2018-ல் அமலுக்கு வந்த ஐரோப்பியத் தகவல் பாதுகாப்பு விதிகள், சம்மதம் கேட்பது தெளிவான எளிய மொழியில் இருக்க வேண்டும் என்கின்றன. முன்கூட்டியே டிக் போட்டு வைத்த பெட்டி சம்மதம் ஆகாது என்று 2019-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தியா 2023-ல் இயற்றிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உட்பட அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பைத் தரச் சொல்கிறது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு இடத்தில் அழுத்திய ஒப்புதலை வேறொரு இடத்தில் உங்கள் முன் நீட்டலாம். டிஸ்னியின் பொழுதுபோக்கு வளாகத்தில் இருந்த உணவகத்தில் சாப்பிட்டு ஒவ்வாமையால் இறந்த பெண்ணின் கணவர் வழக்குப் போட்டபோது, பல ஆண்டுகளுக்கு முன் அவர் டிஸ்னியின் வீடியோ சேவையில் இலவசமாகச் சேர்ந்தபோது ஒப்புக்கொண்ட விதிமுறைகளைக் காட்டி, நீதிமன்றத்துக்கு வர முடியாது, தனியார் நடுவரிடம்தான் போக வேண்டும் என்று அந்த நிறுவனம் வாதாடியது. பெரும் எதிர்ப்புக்குப் பிறகு 2024 ஆகஸ்டில் அந்த வாதத்தைக் கைவிட்டது. நடுவர் தீர்வுப் பத்தியை நான் ஒருபோதும் தாண்டிப்போவதில்லை. சேர்ந்த குறிப்பிட்ட நாட்களுக்குள் எழுதித் தெரிவித்தால் அந்த நிபந்தனையிலிருந்து மட்டும் விலகிக்கொள்ளலாம் என்று சில விதிமுறைகளில் ஒரு வழி இருக்கும். படிக்காதவர்களுக்குக் கிடைக்காத வழி அது.

ஆக, முழுதாகப் படிக்க வேண்டாம். ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள், அதுவும் எல்லாவற்றுக்கும் இல்லை. உங்கள் பிழைப்பு, பணம், உடல்நலம், பிள்ளைகளின் விவரம், இவற்றில் ஏதாவது ஒன்று உள்ளே போகிறது என்றால் மட்டும். பக்கத்துக்குள் தேடும் வசதியைப் பயன்படுத்தி உரிமம், பயிற்சி, மூன்றாம் தரப்பு, தானாகப் புதுப்பித்தல், நடுவர், கணக்கு நீக்கம் என்ற சொற்களைத் தேடுங்கள். ஆவணம் ஆங்கிலத்தில் இருந்தால் அவற்றுக்கு இணையான ஆங்கிலச் சொற்களைத் தேட வேண்டியிருக்கும். ஏஐ உதவியாளர்களிடம் ஆவணத்தைக் கொடுத்துச் சுருக்கம் கேட்கலாம், அது நல்ல தொடக்கம்தான். ஆனால் அது எந்தப் பத்தியைச் சொல்கிறதோ அதை மூலத்திலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சுருக்கம் தப்பாக இருந்தாலும் உங்களைக் கட்டுப்படுத்துவது மூலம்தான்.

விதிமுறைகளை விட அமைப்புகள் (செட்டிங்ஸ்) பகுதி சில சமயம் முக்கியம். 2013-ல் ஒரு டார்ச் லைட் செயலி மீது அதே அமெரிக்க ஆணையம் நடவடிக்கை எடுத்தது. வெறும் வெளிச்சம் தரும் செயலி, ஆனால் ஃபோன் இருக்கும் இடத்தை விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன் என்று இரண்டு பொத்தான்கள் காட்டினார்கள்; பயனர் எதையும் அழுத்துவதற்கு முன்பே தகவல் போகத் தொடங்கியிருந்தது. அங்கே எவ்வளவு கவனமாகப் படித்திருந்தாலும் பலன் இருந்திருக்காது. இன்றைய ஃபோன்களில் இடம், மைக், தொடர்புகள் என்று தனித்தனியாக அனுமதியை நிறுத்திவைக்க முடிகிறதே, அந்தப் பிடி உங்கள் கையில் இருக்கிறது.

இனி உங்கள் மென்பொருள். இந்த வாரமே அதன் அமைப்புகளில் 'தனியுரிமை' பகுதிக்குப் போய், உள்ளடக்கத்தை ஆய்வுக்கோ தயாரிப்பு மேம்பாட்டுக்கோ பயன்படுத்த அனுமதிக்கும் தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இயல்பாகவே 'ஆம்' என்று இருக்கும், நிறுத்திவிடுங்கள். நீங்கள் ஒப்புக்கொண்ட விதிமுறைகளை இன்றைய தேதியோடு பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். பின்னால் அவர்கள் மாற்றினாலும் எதற்கு ஒப்புக்கொண்டீர்கள் என்பதற்கு அது சான்று. முடிந்த படங்களின் மூலக் கோப்புகளைச் சொந்த வன்தட்டில் ஒரு பிரதி வையுங்கள். பதிப்பாளர்களோடு நீங்கள் போட்ட ஒப்பந்தங்களையும் எடுத்துப் பாருங்கள். வெளிவராத படங்களை யாருக்கும் தரக் கூடாது என்று அவற்றில் இருந்தால், அந்தப் படங்களை நிறுவனத்தின் சர்வரில் சேமிக்கும் மேகச் சேமிப்பில் (கிளவுட்) வைக்காமல் கணினியிலேயே சேமித்து வேலை செய்யுங்கள். உரிமப் பத்தி புரியவில்லை என்றால் அந்தப் பத்தியை மட்டும் அப்படியே நகலெடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.